நடுவில் நாற்பது நிமிடம்

சரக், தக். சரக், தக். பதினேழு வருடங்களுக்கு முன்பு விடியற்காலைகளில் கேட்ட செருப்புச் சத்தம். இடது கால் செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததால் அந்தக் கால் தரையை உரசிக்கொண்டு வரும், வலது கால் தன் பாட்டுக்கு அழுத்தி விழும். பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் மொட்டைமாடியில் சங்கரி அக்கா கையில் புத்தகத்தோடு நடந்துகொண்டிருப்பாள். நான் கீழே பாயில் கண்ணைத் திறக்காமல் படுத்து அவள் அடிகளை எண்ணுவேன். இருபத்திரண்டு அடி போனால் தண்ணீர்த் தொட்டி. அங்கே ஒரு சின்ன நிறுத்தம். திரும்பி மறுபடி இருபத்திரண்டு. அந்த நிறுத்தத்தில்தான் எனக்குப் பயமாக இருக்கும், இனி அடுத்த அடி கேட்காதோ என்று. கேட்கும். எப்போதும் கேட்கும். இப்போது எதற்கு அது கேட்கிறது, ஒரகடம் தாண்டிப் போகிற கம்பெனிப் பேருந்தில், முதல் ஷிப்ட் முடிந்த நாற்பது பேரின் இரைச்சலுக்கு நடுவில்? முன் இருக்கையில் யாரோ ஜன்னல் கண்ணாடியைச் சரியாக மூடவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் அது உரசி இடிக்கிறது. அவ்வளவுதான். கண்ணாடிதான். மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம், நான் இரண்டு முறை எழுதித் தோற்ற தேர்வு. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். பெயர் கோமதி, வயது இருபத்தொன்பது, பணி தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், அனுபவம் ஏழு வருடம். கடைசியில் ஒரு நீலப் பொத்தான் மட்டும் பாக்கி. அதை அழுத்தினால் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும், அதை இட்டால் முடிந்தது. அழுத்தவில்லை. ஒன்றரை மணியிலிருந்து அழுத்தவில்லை.

அழுத்தாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் என்னிடம் இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேலாளர் ரகுநாதன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு ஓசூரில் புதிதாகத் தொடங்கும் ஆலைக்குத் தரப்பிரிவு மேற்பார்வையாளராகப் போகிறாயா என்று கேட்டார். மூன்று வருடம் அங்கேயே இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "யோசிச்சு நாளைக் காலைல சொல்லும்மா. உன்னை விட்டா வேற ஆள் இல்லைன்னு சொல்ல மாட்டேன், இருக்காங்க. ஆனா உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்" என்று இன்று காலை மறுபடி நினைவூட்டினார். ஓசூர் போனால் தேர்வு இல்லை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்பா கேட்டால், பதவி உயர்வு வந்துவிட்டது அப்பா, எதற்கு அந்தப் படிப்பு என்று சொல்லலாம். பயிற்சி வகுப்பில் கூடப் படித்தவர்கள் கேட்டால், வேலையில் பொறுப்பு கூடிவிட்டது என்று சொல்லலாம். ஒவ்வொருவரும் தலையாட்டுவார்கள். மரியாதையாகத் தலையாட்டுவார்கள். இவ்வளவு மரியாதையான ஒரு காரணத்தை நான் இதற்கு முன்னால் எங்கே பார்த்தேன்? இஸ்திரி போட்டு மடித்த துணிபோல இருக்கிறது, ஒரு சுருக்கம் இல்லை. இப்படிச் சுருக்கமே இல்லாமல் ஒருத்தி பேசியதை நான் கேட்டிருக்கிறேன். "நல்லா எழுதிருக்கேம்ப்பா." அந்தக் குரல். வேண்டாம், அங்கே போக வேண்டாம். ஓசூரைப் பற்றி யோசி. ஓசூர் குளிரும் என்கிறார்கள். ரோஜாத் தோட்டங்கள் இருக்குமாம். மூன்று வருடம் கழித்து எனக்கு முப்பத்திரண்டு.

பக்கத்து இருக்கையில் ஜெசிந்தா பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டே என் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். ஸ்டோர்ஸில் இருப்பவள், செங்கல்பட்டுக்காரி, ஏழு வருடமாக இதே பேருந்தில் எனக்கு இடதுபக்கம். "என்னடி அதையே முறைச்சுப் பாக்குற. மாப்பிள்ளை போட்டோவா?" இல்லை என்றேன். "அப்ப பரீட்சையா. மாப்பிள்ளையா இருந்தாலாவது ஒரு தடவை பாத்துட்டு வேணாம்னு சொல்லிடலாம். இதை எத்தனை தடவைடி பொண்ணு பாக்கப் போவ?" பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் தானாகச் செய்தது. "ஓசூர் போ, இல்ல படிக்கப் போ. எங்கே போனாலும் இந்த ஜன்னல் சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்." உருண்டையில் பாதியை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெல்லம் பிசுபிசுத்தது. அந்தக் கையால் திரையைத் தொட முடியாது, நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைக் கவனித்துவிட்டேன். இப்படித்தான் நான் எதையும் முழுசாகச் செய்ய முடியாமல் போகிறேன். செய்வதற்கு ஒருத்தி, அவள் பின்னால் நின்று கவனிக்க இன்னொருத்தி. உருண்டையைத் தின்றேன். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன், சுண்டுவிரல்வரை. படப்பை. நான்கு மணி பதினொன்று. கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டிகளைத் தேக்கியிருந்தது. திரை இருண்டது, தொட்டேன், வெளிச்சமானது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி மறுபடி கண்ணில் பட்டது. இத்தேர்வை இதற்கு முன் எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள்? பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேல். மதியம் இரண்டு என்று குறித்திருந்தேன். இரண்டா? அது உண்மையா? முதல் முறை எழுதினேன், அதில் சந்தேகமில்லை, எழுதினேன், போதவில்லை. தெரியாததால் போதவில்லை. அதில் ஒரு கௌரவம் இருந்தது. இரண்டாம் முறை எழுதியதற்கு என்ன எண் போடுவது? ஒன்றரை என்று ஒரு கட்டம் இல்லை.

போன நவம்பர் கடைசி ஞாயிறு. பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரிக் கணினிக் கூடம். அதற்கு முந்தைய பதினொரு மாதங்கள் காலை நாலரைக்கு எழுந்து படித்திருந்தேன், மாதிரித் தேர்வுகளில் எண்கள் ஏறிக்கொண்டே வந்தன, பயிற்சி வகுப்பு ஆசிரியர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு இனி நீங்கள் தூங்கலாம் என்று சொல்லியிருந்தார். மூன்று பகுதி, பகுதிக்கு நாற்பது நிமிடம். ஒரு பகுதி முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது, முடிந்ததற்குத் திரும்பவும் முடியாது. அம்மா ஊரிலிருந்து காலையில் பேசினாள். வீட்டிலிருந்து ஒருவர் நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அவர் தெருமுனை தாண்டும்வரை அம்மா வாசல் பெருக்க மாட்டாள். "நீ அங்கனதான் இருக்க, இருந்தாலும் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் வாரியலைத் தொடலைட்டி" என்றாள். முதல் பகுதி வழுக்கிக்கொண்டு போனது. படித்துப் புரிந்து விடை சொல்வது எனக்குப் பிடிக்கும். இரண்டாம் பகுதி திறந்தது. திரையின் வலப்பக்கத்தில் கேள்வி எண்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். திறக்காத கேள்வி வெள்ளை, திறந்து விடை சொல்லாதது சிவப்பு, விடை சொன்னது பச்சை. முதல் கேள்வியைத் திறந்தேன். எட்டு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் யார். இந்த மாதிரிக் கணக்குகளை நான் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். பென்சிலை எடுத்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் கண்காணிப்பாளர் நடக்கத் தொடங்கினாள். சின்னப் பெண், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட இருக்காது. ஒரு கால் செருப்பு தளர்ந்திருந்தது. சரக், தக். நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணக் கூடாது என்று தெரிந்தே எண்ணினேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, சுவர், நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் என் கை நின்றது. வலிக்கவில்லை, நடுங்கவில்லை, வியர்க்கவில்லை. சுட்டியின் மேல் கை இருந்தது, அது என்னுடைய கைதான், விரல்கள் தெரிந்தன, மோதிரம் தெரிந்தது. திரையில் பாக்கி நேரம் முப்பத்தெட்டு நிமிடம் பன்னிரண்டு நொடி. முப்பது. இருபத்திரண்டு. எட்டு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் விசைப்பலகையில் எண்களை அடித்தான், மழைத்தூறல்போல் விட்டு விட்டு. ஒரு கட்டம் சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. வெள்ளையாகவே இருந்தது. அந்த நாற்பது நிமிடம் எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இதை யாரிடமும் சொன்னதில்லை, நிம்மதியாக இருந்தது. சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்துப் பள்ளிக்கூடத்து மணியைத் தூரத்தில் கேட்பதுபோல. மூன்றாம் பகுதி திறந்ததும் கை தானாக ஓடியது. வெறிபிடித்ததுபோல எழுதினேன்.

மதிப்பெண் பட்டியல் வந்தபோது இரண்டு தூண்களும் நடுவில் ஒரு பள்ளமும் இருந்தன. ரகுநாதன் சார் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தவர் என்பதால் அவரிடம் காட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நடுவில என்னம்மா ஆச்சு?" கணினி நின்றுவிட்டது சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கஷ்டமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் முப்பது வருடமாகப் பழுதான உதிரிபாகங்களை எடுத்துப் பார்த்து எங்கே தப்பு நடந்தது என்று சொல்கிறவர், அவரிடம் கஷ்டம் என்பது செல்லாது என்று தோன்றியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, என்மேல் இல்லை. "அதெப்படி நிக்கும்? பொண்ணு ஒரு வருஷம் உழைச்சிருக்கு. புகார் எழுதும்மா, நானும் கையெழுத்துப் போடறேன்." ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் படிக்கட்டு மாறி மாறி ஏறினேன். பிறகு அவரே மறந்துபோனார், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார். எங்கள் வேலையில் ஒரு உதிரி பழுதானால் அதன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம், காரணம் தெரியும்வரை அது உற்பத்தி வரிசைக்குத் திரும்பக் கூடாது. காரணம் தெரியாத உதிரியை மறுபடி வரிசையில் ஏற்றலாமா? நானே ஒரு பயிற்சிப் பணியாளரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். பிரேக்குக்குப் போகிற சாமான் இது, காரணம் தெரியாமல் எப்படி அனுப்பினாய் என்று. மண்ணிவாக்கம். நான்கு இருபத்தாறு. வெயில் ஜெசிந்தாவின் மடியில் விழுந்து அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். சிக்னல் கோடுகள் நான்கிலிருந்து இரண்டாகி மறுபடி நான்காயின. அழுத்து. மூன்றாம் முறையும் கை நின்றால்? தேர்வைப் பற்றி எனக்குப் பயமில்லை, அந்தக் கேள்விகளை எனக்குத் தெரியும். எனக்குள் ஒருத்தி இருக்கிறாள், நான் ஆயத்தமாகிற வரைக்கும் காத்திருந்து, ஆயத்தமானதும் கையைப் பிடித்து நிறுத்துகிறவள். அவளை எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரியுமோ? பாளையங்கோட்டை வீட்டில் என்னோடு ஒரே போர்வையில் படுத்திருந்தவளோ?

சங்கரி அக்கா அரசாங்க வேலைக்கான தேர்வை மூன்று முறை எழுதினாள். மூன்று முறை என்பது வீட்டுக்கணக்கு. மூன்றாம் முறை அவளுக்கு இருபத்தொன்று, எனக்குப் பன்னிரண்டு. அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே தேர்வு மையம் போட்டிருந்தார்கள், அப்பாவுக்கு அது பெரிய சகுனம். காலையில் அம்மா அவளுக்குத் தயிரில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள், தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்றாள். மத்தியானம் ஒன்றேகாலுக்கு அவள் திரும்பி வந்தாள். "என்ன தாயி, எப்படி எழுதின?" என்று அப்பா கேட்டார். "நல்லா எழுதிருக்கேம்ப்பா." "வினாத்தாளக் காட்டு." "திருப்பி வாங்கிக்கிட்டாங்க." கால் கழுவினாள், சாப்பிட்டாள், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு பென்சில் வேண்டியிருந்தது, அவள் பொது அறிவுப் புத்தகத்துக்குள் எப்போதும் ஒன்று இருக்கும். புத்தகத்தைத் திறந்தபோது அனுமதிச் சீட்டு மடித்து வைத்திருந்தது. பிரித்தேன். முந்தைய இரண்டு வருடத்துச் சீட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன், அவற்றின் பின்பக்கத்தில் கீழே ஒரு கட்டத்தில் கண்காணிப்பாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பார், உள்ளே உட்கார்ந்து எழுதியதற்கு அதுதான் அத்தாட்சி. இந்தச் சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. ஒரு காலிக் கட்டம். இருந்த மாதிரியே மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தேர்வு முடிவு வந்து அவள் பெயர் இல்லாமல் போனபோது அப்பா செய்தித்தாளை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கொல்லையில் நின்றார். நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பார்கள். அழுதிருப்பாள். ஆனால் யாராவது அவளைப் பார்த்து, ஏன் என்று கேட்டிருப்பார்கள். அந்த ஏன் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த தையில் அவளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தார்கள். ஊக்கு குத்திய செருப்பு மாடிப்படிக்கு அடியில் ரொம்ப நாள் கிடந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. அந்த எண்தான் வந்துவிட்டதோ என்று திடுக்கிட்டேன், அழுத்தாமலேயே எப்படி வரும். திரையில் சங்கரி அக்கா. தினமும் இந்த நேரத்துக்குப் பேசுவாள், என் பேருந்து நேரம் அவளுக்கு மனப்பாடம். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பின்மதியம் கூட்டம் இருக்காது. நான்கு முப்பத்தெட்டு. "ஏட்டி கோமு, பஸ்ல இருக்கியா?" "இருக்கேன். வண்டலூர் வரப்போகுது." "அம்மைக்குச் சக்கரை நூத்தித் தொண்ணூறு. கேட்டா ஒண்ணுமே திங்கலைங்கா. அல்வாக் காகிதத்தைத் தலைகாணிக்கு அடியில வச்சுக்கிட்டு என்கிட்ட சத்தியம் பண்ணுதா." அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது ஓசூர். ஏக்கா, எனக்கு ஓசூருக்கு மாற்றல், அதனால் இந்த வருடம் தேர்வு எழுதவில்லை. வாக்கியம் தயாராக இருந்தது, வாய்வரை வந்துவிட்டது. "ஏக்கா." "சொல்லு." "அன்னைக்கு நீ உள்ள போகலை, என்ன." எந்தக் குரல் இப்படிச் சொன்னது? என்னுடையதுதான். இயந்திரம் சுற்றியது. என்றைக்கு என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, கண்ணாடி உரசி இடித்தது, ஒருமுறை, இன்னொருமுறை. "நீ பாத்தது எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள். எப்படி என்றேன். "நான் மூணா மடிச்சு வச்சிருந்தேன். நீ நாலா மடிச்சு வச்சிருந்தே. ஒரு காகிதத்தை மடிச்சது போல மடிக்கத் தெரியல, கழுத." "பின்ன ஏன் என்கிட்டக் கேக்கல?" "நீ ஏன் கேக்கல?"

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு தானாகவே சொன்னாள், அம்மாவின் சர்க்கரையைச் சொன்ன அதே குரலில். "வாசல் வரைக்கும் போனேன். எல்லாரும் உள்ள போறாங்க. கால் வரலை. கேட்டுக்குள்ள வேப்பமரம் உண்டும்லா, அங்க போயி நின்னேன். வாட்ச்மேன் அண்ணாச்சி வந்து, யாரு தாயி எழுதுதா, தங்கச்சியான்னு கேட்டாரு. ஆமா அண்ணாச்சி, தங்கச்சி எழுதுதான்னு சொன்னேன். அப்ப நிழல்ல உக்காருன்னு ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டாரு. உனக்கு அப்பப் பன்னெண்டு வயசு, மூக்கு ஒழுகிக்கிட்டுக் கெடந்த. வாய்ல என்ன வந்துதோ சொல்லிட்டேன்." சிரித்தாள். "அரை மணிக்கொரு தரம் மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் எந்திரிக்கணும்னு இருக்கும். பயமான்னு கேட்டா இல்லட்டி, எல்லாம் மனப்பாடம். சும்மா உக்காந்திருந்தேன். நல்லாத்தான் இருந்துது." நல்லாத்தான் இருந்தது. என் உடம்பு முழுக்க அது தெரிந்தது, காய்ச்சலில் தூரத்து மணி. அவள் கேட்டாள், "நீ போன வருசம் நடுவுல என்ன செஞ்ச? நடுவுல மட்டும் எப்படிட்டி கஷ்டமா இருக்கும்?" "சும்மா இருந்தேன்." "எவ்வளவு நேரம்?" "நாப்பது நிமிசம்." "நான் மூணு மணி நேரம்லா" என்றாள், பந்தயத்தில் ஜெயித்தவள்போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பா என்று தெரியவில்லை, ஜெசிந்தா விழித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொரி உருண்டைப் பையை என் பக்கம் நீட்டினாள். "ஆளு வந்திருக்கு, வைக்கேன்" என்று அக்கா வைத்துவிட்டாள். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓசூரைப் பற்றி அவளுக்கு நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டலூர் மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றது. நான்கு நாற்பத்தொன்பது. முன்னால் வரிசை நகரவில்லை, ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். திடீரென்ற அமைதியில் கண்ணாடியும் பேசவில்லை. நிறுத்தம். தண்ணீர்த் தொட்டியருகே அவள் நிற்பாளே, அந்த நிறுத்தம். இவ்வளவு நாள் நான் அதைப் பயத்தோடு மட்டுமே கேட்டிருக்கிறேன். அவள் அங்கே நின்று என்ன செய்தாள்? வானத்தைப் பார்த்திருப்பாளா? ஊக்கைச் சரிசெய்திருப்பாளா? கீழே ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? மடிப்பையே கண்டுபிடித்தவள் அதையும் அறிந்திருப்பாள். ஓசூர் மறுபடி வந்து மடித்த துணிபோல மடியில் உட்கார்ந்தது. அதை மூன்றாக மடித்தாலும் நாலாக மடித்தாலும் யாராவது ஒருத்தர் பிரித்துப் பார்ப்பார்கள், வேறு யாரும் இல்லாவிட்டால் நான். பதினேழு வருடம் கழித்து ஒரு பேருந்தில் உட்கார்ந்து, அல்வாக் காகிதத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் நடுவில், நல்லாத்தான் இருந்தது என்று நானும் யாரிடமாவது சொல்வேன். நல்லாத்தான் இருக்கும். அந்த நல்லாத்தானுக்குத்தான் எனக்குப் பயம். காரணம் தெரிந்ததா என்றால் தெரியவில்லை. சிவப்புச் சீட்டு இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. நவம்பரில் இன்னொரு கூடம், இன்னொரு செருப்பு, கை நிற்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நீலப் பொத்தானைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எட்டு பேரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள் என்று தோன்றியதால் பார்க்காமல் அழுத்தினேன், ஜன்னலுக்கு வெளியே பாலத்தின் தூணில் ஒட்டியிருந்த கிழிந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே. ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடாகியது. நான்கு ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கு. "வெளிய நீட்டுடி" என்றாள் ஜெசிந்தா. "எதை?" "போனை. பாலத்துக்கு அடியில எப்படி வரும்?" என் மடிமேல் சாய்ந்து, எனக்கு எட்டாத ஜன்னல் கொக்கியைத் தன் நீளக் கையால் தள்ளித் திறந்தாள். கைப்பேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன், கை நடுங்கியது. நடுங்கியது நல்லது, நிற்கவில்லை. அதிர்ந்தது. ஆறு இலக்கங்கள். ஜெசிந்தா உரக்கப் படித்தாள், நான் தப்பாக அடித்து அழித்து மறுபடி அடித்தேன். நான்கு ஐம்பத்தாறு. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. "போச்சா?" "போச்சு." "அப்ப ஜன்னல் சீட்டு எனக்கு எப்ப?" நவம்பர் வரைக்கும் பொறு என்றேன். எஞ்சின் உறுமியது, கண்ணாடி மறுபடி தொடங்கியது, சரக், தக், நான் எண்ணவில்லை, பெருங்களத்தூர் வரை எண்ணவில்லை, அதற்குப் பிறகு எண்ணினேன்.

மறுநாள் காலை ரகுநாதன் சாரிடம் ஓசூர் வேண்டாம் என்று சொன்னேன். நவம்பர் கடைசி ஞாயிறு எனக்குக் கணினிக் கூடத்தில் நான்காம் வரிசையில் இடம். மூன்று பகுதியிலும் வெள்ளைக் கட்டம் எதுவும் இல்லை, சிவப்பு பதினான்கு இருந்தது. கண்காணிப்பாளர் என் அனுமதிச் சீட்டில் நீல மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மடிச்சு வைக்காத, தட்டையா வை என்று பதில் எழுதினாள்.

சங்கரி அக்கா அந்த வேப்பமரத்தடி நாளுக்குப் பிறகு எந்தத் தேர்வும் எழுதவில்லை. பதினொரு வருடமாகத் தென்காசியில் அந்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.